ஒரு வாடை வருது

என் பக்கத்து வீட்டில் நான்கு வருடம் இருந்த ஓர் அம்மாளைப் பற்றி எழுதுகிறேன். எனக்கு அவரைப் பிடிக்காது. அப்போதும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது. பெயரை எழுதவில்லை. எழுதினால் நெய்வேலியில் பாதிப் பேருக்கு ஆள் தெரிந்துவிடும். கணவர் ரிடயர் ஆனதும் தெற்கே சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். ‘அவர்’ என்று மரியாதை போட்டு எழுதுவதுகூட மனதிலிருந்து வருவது இல்லை. நான்கு வருடம் ‘மேடம்’ என்று கூப்பிட்ட வாய்ப் பழக்கம்.

அப்படிக் கூப்பிடச் சொன்னதும் அவர்தான். எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் ஒதுக்கி, முதல் மாடியில் சாவி கொடுத்த அன்று பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து வந்து வாசற்படியில் நின்றார். “வாங்கக்கா” என்றேன். உள்ளே வரவில்லை. ‘அக்கா’ பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மேடம் என்று சொன்னால் போதும் என்றார். பிறகு எந்த ஊர் என்று கேட்டார்.

“பக்கத்துலதாங்க. வடக்குத்து.”

“வடக்குத்துல எங்க?”

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று தெரியும். முதல் கேள்விக்கு ஊர் பதில். இரண்டாவதற்குத் தெரு பதில். நான் தெருவைச் சொன்னேன். அந்தத் தெருவிலிருந்துதான் என் அப்பாவும் அம்மாவும் ஊரார் கரும்புக் கொல்லைக்கும் முந்திரிக் காட்டுக்கும் கூலிக்குப் போனார்கள். அந்தத் தெருவிலிருந்துதான் நான் ஐ.டி.ஐ. படித்து, அப்ரண்டிஸ் முடித்து, பல வருடம் கான்ட்ராக்டில் ஏணி தூக்கி, கடைசியில் பர்மனென்ட் ஆனேன். வயர்மேன் வேலை. டவுன்ஷிப் வீடுகளில் ஃபேன் நின்றுவிட்டது, மெயின் டிரிப் ஆகிறது என்று புகார் வந்தால் போய்ப் பார்க்க வேண்டும். பெண்ணை அனுப்பியிருக்கிறார்களே என்று முதலில் யோசிப்பார்கள். விளக்கு எரிந்ததும் யோசிக்க மாட்டார்கள்.

தெருவைக் கேட்டுக்கொண்டவர் முகத்தைக் கொஞ்சம் தூக்கி மூக்கை உறிஞ்சினார்.

“அடுப்புல என்ன வச்சிருக்க? ஒரு வாடை வருது.”

அடுப்பில் பால் மட்டும்தான் இருந்தது.

நாத்தம் என்று நாங்கள் சொல்வதை அவர் ஊர்ப்பக்கம் வாடை என்பார்கள். சொல் மிருதுவானது. அவரும் மிருதுவாகத்தான் சொல்வார். சொல்வதற்கு முன்னால் முகவாய் மேலே போகும், கண் பாதி மூடும், மூக்கின் வலது ஓரம் மட்டும் துடிக்கும். அந்தத் துடிப்பைப் பார்த்தாலே மாடிப்படியில் நிற்பவர்கள் தங்கள் சட்டையைத் தாங்களே முகர்ந்துகொள்வார்கள். கீரைக்காரம்மா கூடையை இறக்கும் முன்பே கீரையில் ஒரு வாடை என்று திருப்பி அனுப்புவார். மைன்ஸில் எஞ்சினியராக இருந்த அவர் கணவர் ஷிப்ட் முடிந்து வந்தால் ஷூவை மாடிப்படியிலேயே கழற்ற வேண்டும். நேராகக் குளியலறைக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகுதான் மனைவியிடம் பேச அனுமதி. அந்த மனிதர் என்னைப் பார்த்தால் லேசாகத் தலையசைப்பார். அதற்குமேல் அவருக்கு அந்த வீட்டில் அதிகாரம் இல்லை.

உள்ளதையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய மூக்கு நிஜமாகவே கெட்டிக்கார மூக்கு. ஒரு வைகாசியில் கீழ்வீட்டுக்காரருக்குக் காடாம்புலியூரிலிருந்து மூன்று பலாப்பழம் வந்தது. மாடிப்படியில் வரிசையாக வைத்திருந்தார்கள். அவர் குனியக்கூட இல்லை. நடந்துகொண்டே, இது இன்றைக்கு, இது நாளை மறுநாள், இது உள்ளே அழுகல் என்று சொல்லிவிட்டுப் போனார். வெட்டிப் பார்த்தபோது மூன்றாவது பழம் உள்ளே கறுத்திருந்தது. அப்படிப்பட்ட மூக்கு என் வீட்டு விஷயத்தில் மட்டும் ஏன் பொய் சொன்னது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். மூக்கு பொய் சொல்லவில்லை. தெருவைக் கேட்ட அன்றே அது முடிவு செய்துவிட்டது.

நாங்கள் வற்றல் குழம்பு வைத்தால் வாடை. கருவாடு வறுத்தால் கேட்கவே வேண்டாம். ஊருக்குப் போய்விட்டு இரண்டு நாள் கழித்து வந்தபோது, பூட்டிக் கிடந்த என் வீட்டிலிருந்து முந்தாநாள் முழுக்க வாடை வந்ததாகச் சொன்னார். சொல்வதோடு நிற்க மாட்டார், மனு எழுதுவார். முத்து முத்தான கையெழுத்து. டவுன்ஷிப் அலுவலகத்துக்கு, அதுவும் என் செக்‌ஷன் இருக்கிற அதே கட்டடத்துக்கு, ‘அண்டை வீட்டாரால் சுகாதாரக் கேடு’ என்று மேலே தலைப்பிட்டு, கீழே கோடு போட்டு எழுதுவார். அங்கே இருப்பவர்கள் என்னைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர்கள் எதற்குச் சிரித்தார்களோ அதற்கு நான் சிரிக்கவில்லை. கூடச் சிரிக்காவிட்டால் அவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அது எனக்கு ஆகாது.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. ஒரு தீபாவளிக்கு அவர் எங்கள் வீட்டுக்குப் பலகாரம் தரவில்லை. என் மகளைக் கூப்பிட்டு வாசனைச் சோப்பு ஒன்றைத் தந்தார். வெளிநாட்டுச் சோப்பு, பளபள அட்டைப் பெட்டியில். “தெனம் இதைப் போட்டுக் குளி, கண்ணு” என்றாராம். அவள் துள்ளிக்கொண்டு வந்தாள். எனக்கு அந்த நிமிடமே புரிந்தது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளையின் கையிலிருந்து பரிசை எப்படிப் பிடுங்குவது? குளித்துப் புதுத் துணி உடுத்தி, ஈரத் தலையோடு ஓடிப்போய் அவர் வீட்டு வாசலில் நின்றாள். கழுத்தை நீட்டி, “ஆன்ட்டி, மோந்து பாருங்க” என்றாள். நான் எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு அடி பின்னால் போனார். சிரித்துக்கொண்டேதான் போனார். மகள் கழுத்தை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றாள்.

அந்த ஒரு அடியை நான் மறக்கவில்லை. இனி சொல்லப்போவதற்கு அது சமாதானம் ஆகாது. ஆனால் அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் பாதிதான் சொன்னதாக ஆகும்.

அவர் மகள் பெங்களூரில் வேலை பார்த்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். ஆண் குழந்தை. சரியான ஐப்பசி மழை. மழை விட்டாலும் எங்கள் ஊரில் மாடியில் துணி காயப் போடுவது ஒரு பாடு. நிலக்கரி எரிக்கும் பவர் ஹவுஸ் பக்கமிருந்து காற்று திரும்பினால் துணியில் கறுப்பாகப் பொடி விழும். எல்லார் துணியிலும்தான் விழும், உதறிப் போட்டுக்கொள்வோம். அவர் மாடியில் தனக்கென்று தனிக்கொடி கட்டியிருந்தார். ஒருமுறை காற்றில் என் மகளின் யூனிபாரம் பறந்து அவருடைய படுக்கை விரிப்பின்மேல் விழுந்துவிட்டது. அவர் அந்த விரிப்பை மட்டும் எடுத்துப்போய் மறுபடி துவைத்ததை நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து பார்த்தேன். பேரன் பிறந்ததும் மாடிக் கொடியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் மகள் துணி உலர்த்தும் டிரையர் வாங்கிக் கொடுத்தாள்.

எங்கள் பிளாக்கில் அதுதான் முதல் டிரையர். பின்பக்க பால்கனியில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மழைச்சாரல் படாமல் பால்கனியை ஏற்கெனவே கண்ணாடி போட்டு அடைத்திருந்தார். அந்த டிரையர் காற்றை உள்ளே இழுத்து, ஹீட்டரில் சூடாக்கி, சுற்றும் துணிக்குள் விட்டு, ஈரத்தோடு வெளியே தள்ளும். தள்ளுகிற காற்று போவதற்குக் கை மொத்தத்தில் ஒரு வெள்ளி நிறக் குழாய். அதன் வாயைப் பக்கச் சுவரில் காற்றுக்காகத் துளை விட்டிருந்த சிமென்ட் ஜாலியில் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் என் சமையலறை பால்கனி. அவர் டிரையர் ஓடும்போதெல்லாம் குழந்தைத் துணியின் சோப்பு மணத்தோடு ஈரச் சூடு என் பக்கம் வந்தது. நான் மனு எழுதவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்தக் காற்று நின்றுவிட்டது. டிரையர் ஓடும் சத்தம் கேட்டது, காற்று மட்டும் வரவில்லை. குழாயை வேறு பக்கம் திருப்பியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். அதற்கு ஒரு வாரம் கழித்துத் தீய்ந்த மணம் தொடங்கியது.

வேலை முடிந்து படியேறும்போதே வந்தது. எனக்கு இது தொழில். வயர் கருகினால் மூக்கில் காரம் ஏறும், கண் கரிக்கும். மெஷின் பெல்ட் தேய்ந்தால் பழைய டயர் எரிகிற மாதிரி இருக்கும். இது இரண்டும் இல்லை. பருத்தித் துணிமேல் இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்துவிட்டால் வருமே, அந்த மணம். டிரையரில் துணியிலிருந்து உதிர்கிற பிசிறு உள்ளே எங்கேயோ சேர்ந்து, ஹீட்டர் சூட்டில் கருகிக்கொண்டிருக்கிறது. செருப்பைக் கழற்றுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. இது நிற்காது, ஒரு நாள் பிடித்துக்கொள்ளும் என்பதும் தெரிந்தது.

அவர் கதவைத் திறந்தார். மூக்கு துடித்தது.

“உன் வீட்ல என்னத்தைத் தீய விட்ட? ஒரு வாடை வருது. பச்சப்புள்ள இருக்கற எடம்.”

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. மேடம், அது உங்கள் டிரையர், உடனே நிறுத்துங்கள், குழாயைப் பாருங்கள். இவ்வளவுதான். நான், “இல்லீங்க மேடம்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். என் கணவருக்கும் மூக்கு இருக்கிறதே. என்ன இது என்று கேட்டார். சொன்னேன். அந்தக் குழந்தைக்காகவாவது போய்ச் சொல்லிவிட்டு வா என்றார். “கேட்டா சொல்றேன்” என்றேன். என்னிடம் எதையும் கேட்க மாட்டார் அவர் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அப்படிச் சொன்னேன். பிறகு என் கணவர் தானே போகிறேன் என்று கிளம்பினார். போகக் கூடாது என்று வழியை மறித்து நின்றேன். அவர் பனியனை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

அந்த அம்மாள் சும்மா இருக்கவில்லை. என் வீட்டில் பழந்துணியும் குப்பையும் எரிக்கிறோம் என்று மனு கொடுத்தார். டிரையர் கம்பெனி ஆளையும் மகள் வரவழைத்தாள். கடலூரிலிருந்து வந்தவர் கதவோரம் இருக்கும் ஃபில்டரை உருவிப் பார்த்திருக்கிறார். அது கண்ணாடி மாதிரி இருந்திருக்கிறது. தினமும் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி வைப்பவர் அந்த அம்மாள். சுத்தத்தில் குறை சொல்ல முடியாது. துணியில்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, மெஷினில் ஒன்றும் இல்லை, வெளியிலிருந்து வருகிற மணமாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த அம்மாளுக்கு அது போதுமாக இருந்தது. அன்று மாலை முழுக்க வாசலில் நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், கம்பெனிக்காரனே சொல்லிவிட்டான் என்றார்.

அந்தப் பத்து நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். எழுதக் கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது. மாடிப்படியில் நின்று மூச்சை இழுத்துப் பார்ப்பேன். இன்றைக்கு நேற்றைவிடக் கூடியிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். நான்கு வருடம் எங்களை முகர்ந்தவர், தன் வீட்டில் தீய்வது எதுவென்று தெரியாமல் தவிக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழும் சத்தம் கேட்கும். அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

பத்தாவது நாள் எனக்கு வார லீவு. மத்தியானம் சாப்பிட்டு முடித்தபோது கதவு தட்டினார்கள். அந்த அம்மாளின் மகள் நின்றாள். தோளில் துண்டில் சுற்றிய குழந்தை.

“அக்கா, கொஞ்சம் வந்து பாக்கறீங்களா? பின்னாடி பூரா புகையா இருக்கு.”

டெஸ்டரும் டார்ச்சும் எடுத்துக்கொண்டேன். மாடிப்படிச் சுவரில் இருந்த அவர்கள் வீட்டு மெயினை முதலில் இறக்கினேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விடு என்றேன். பிறகு அந்த வீட்டுக்குள் போனேன். நான்கு வருடத்தில் முதல் தடவை. செருப்போடு போனேன், கழற்ற மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பின் பால்கனியில் புகைக்கு நடுவில் அவர் வாளித் தண்ணீரோடு நின்றார், டிரையர்மேல் ஊற்றப் போகிறவராக. கையைப் பிடித்தேன். அவரைத் தொட்டதும் அதுதான் முதல் தடவை.

“ஊத்தாதீங்க.”

“உன்னை யாரு கூப்பிட்டா?” என்றார். இருமலில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரம் இல்லை. வாளியை வாங்கிக் கீழே வைத்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். பிளக் முனைகளில் கருகல் இல்லை, சூடும் இல்லை. வயரிங் பழுது இல்லை. டிரையர் கதவைத் திறக்கப் போனார், உள்ளே பேரன் துணி இருக்கிறது என்று. திறக்காதீர்கள், காற்றுப் பட்டால் பிடித்துக்கொள்ளும் என்று தடுத்தேன். கண்ணாடி ஜன்னலை மட்டும் தள்ளிவிட்டுக் காத்திருந்தேன். கரண்ட் நின்றதும் மெல்லப் புகை குறைந்தது.

மெஷினை முன்னால் இழுத்துக் குழாயைக் கழற்றினேன். அது கனத்தது. காற்று போகிற குழாய் கனக்கக் கூடாது. கையை விட்டால் உள்ளே முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஈரப் பிசிறு, தலையணைப் பஞ்சு மாதிரி அடைத்துக் கிடந்தது. பின்தகட்டைத் திறந்தேன். ஹீட்டரைச் சுற்றிப் பிசிறு படிந்து கரியாகியிருந்தது. ஒரு ஓரத்தில் பீடி நுனி மாதிரி சிவப்பு இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது. ஈரத்துணியால் அதை அமுக்கினேன். இன்னொரு கால் மணி நேரம் ஓடியிருந்தால் அந்த பால்கனி இருந்திருக்காது. பால்கனிக்கு அடுத்த அறையில்தான் தொட்டில்.

குழாயின் அந்த முனையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஜாலியின்மேல் பிளைவுட் பலகை ஒன்றை ஆணி அடித்து, நாலு பக்கமும் பேக்கிங் டேப் ஒட்டியிருந்தது. பெயர்த்தேன். பலகைக்குப் பின்னால் ஜாலித் துளைகளில் ஒரு பழைய தலையணையைப் பிய்த்துத் திணித்திருந்தது, குழாயின் வாயோடு சேர்த்து. சூடும் ஈரமும் பிசிறும் போக வழியே இல்லை. எல்லாம் திரும்பி ஹீட்டருக்கே வந்திருக்கிறது.

“இத யாரு அடச்சது?” என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜாலியைப் பார்த்துச் சொன்னார்.

“அந்தப் பக்கத்துலருந்து வாடை வந்துச்சு.”

அந்தப் பக்கம் என்பது என் சமையலறை. என் கை முழுக்கக் கரி. அவர் வீட்டுத் தீயை அணைத்துவிட்டு அவர் பால்கனியில் நின்றுகொண்டிருக்கிறேன். அடைத்ததை அவர் மறைக்கவும் இல்லை, மன்னிப்புத் தொனியும் இல்லை. மழை வந்தது, ஜன்னலைச் சாத்தினேன் என்பது போலச் சொன்னார்.

நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதற்குள் மகள் மேலே வந்துவிட்டாள். கழற்றிப் போட்டிருந்ததைப் பார்த்து அவளுக்கு முகம் வெளிறிவிட்டது. இன்றைக்குத்தான் இப்படி ஆனதா என்று கேட்டாள். எனக்குத் தொழில் கர்வம். கம்பெனி ஆளுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்தது என்பதை அந்த அம்மாள் காதில் போட வேண்டும் என்ற அவசரம்.

“இன்னிக்கு இல்லம்மா. பத்து நாளா தீஞ்சுக்கினுதான் இருக்கு.”

“உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?”

“வாடையிலயே தெரிஞ்சுது.”

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. மகள் என் பக்கமாக இருந்த தோளிலிருந்து குழந்தையை மெதுவாக அந்தப் பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அவ்வளவுதான் செய்தாள். அந்த அம்மாள் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். நான் டெஸ்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். மறுபடி மனு. அதே முத்துக் கையெழுத்து. ‘அண்டை வீட்டார் மின்பணியாளர். டிரையரில் தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பது முதல் நாளே அவருக்குத் தெரியும். பச்சிளங்குழந்தை இருப்பதும் தெரியும். தெரிந்தும் பத்து நாள் வேண்டுமென்றே சொல்லாமல் இருந்தார்.’ இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. மகள் அதற்குள் குழந்தையோடு பெங்களூர் போய்விட்டிருந்தாள். என்னோடு வேலை செய்பவர் ஒருவர், தெரியாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு வா, வேலைக்கு ஆபத்து வரும் என்றார்.

அதிகாரி எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார். மேஜையில் பழைய மனுக்கள் ஒரு கட்டு. முன்கூட்டியே தெரியுமா என்று என்னைக் கேட்டார்.

“இல்லீங்க சார். எனக்கு அப்பச் சளி. மூக்கடைப்பு.”

அதிகாரி சிரித்துவிட்டார். அந்த அம்மாளைப் பார்த்து, உங்கள் வீட்டுத் தீயை அணைத்தவரே இவர்தான், நன்றி சொல்லாமல் மனு எழுதுகிறீர்களே என்றார். இத்தனை மனுவில் ஒன்றாவது விசாரணையில் நின்றதா என்று கட்டைத் தட்டிக் கேட்டார். புது மனுவும் கட்டின்மேல் போய் உட்கார்ந்தது. இனி இப்படி எழுதினால் அவர் கணவருக்குத்தான் சிக்கல் என்றும் சொல்லி அனுப்பினார். அந்த அம்மாள் வாதாடவில்லை. அவர் பேசாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் கணவருக்காக நின்றிருந்தார். நான் நேராக என் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஜெயித்தாகிவிட்டது. ஆனால் அது அவருக்கு முழுதாகத் தெரிய வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. கிட்டே போனேன்.

“தெரியுங்க. மொத நாளே தெரியும்.”

கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. கைப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“உன் வீட்ல தீஞ்சிருந்தா நான் அந்த நிமிஷமே வந்து கதவைத் தட்டியிருப்பேன். உன்னைத் திட்டத்தான் தட்டியிருப்பேன். ஆனா தட்டியிருப்பேன்.”

கணவர் ஸ்கூட்டரோடு வந்தார். எனக்கு லேசாகத் தலையசைத்தார். இவர் பின்னால் ஏறி உட்கார்ந்து சேலையை ஒதுக்கிக்கொண்டார். போய்விட்டார்கள்.

எனக்கு ஆயிரம் பதில் இருந்தது. தெருப் பெயர் கேட்டதைச் சொல்லியிருக்கலாம். என் மகள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றதைச் சொல்லியிருக்கலாம். வீடு வரைக்கும் ஒவ்வொன்றாக மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். அவர் சொன்னதைப் பொய்யாக்க ஒரு சம்பவம் கிடைத்தால் போதும் என்று தேடினேன். இந்த நான்கு வருடத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஏதோ ஒன்று அவர் மூக்குக்கு எட்டி, அதை அவர் வந்து சொல்லாமல் விட்ட ஒரு நாள். ஒன்றுகூட இல்லை.